தள்ளினால் எத்தனை கட்டம்?

என் தம்பி தேசப்பன் என்னோடு பேசுவதை ஏன் நிறுத்தினான் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை, எங்கள் குப்பமே சிரித்தது. சொத்துத் தகராறு இல்லை, நாத்தனார் சண்டை இல்லை. வலையில் கட்டுகிற ஈயக்குண்டு ஒன்று சாக்பீஸ் கோட்டைத் தாண்டி ஒரு கட்டம் கூடுதலாகப் போய்விட்டது. அதற்காக இரண்டு மாதம் அவன் சுண்ணாம்புக்குளத்தை விட்டு எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்துப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

போனால் போகட்டும் என்று நானும் இருந்திருப்பேன். எனக்கும் ரோசம் உண்டு. ஆனால் ஆவணி முதல் வெள்ளிக்கிழமை என் மகள் சாந்திக்குக் காது குத்துவதென்று நாள் குறித்தாகிவிட்டது. தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். எனக்கு இருப்பது ஒரே தம்பி. பக்கத்து வீட்டில் போய் ஒரு மடி கொடுங்கள் என்று இரவல் கேட்கவா முடியும்?

எல்லாவற்றுக்கும் காரணம் ஜலாலுதீன் பாய். பழவேற்காடு டவுன்காரர், கப்பலில் சமையல் வேலை, என் வீட்டுக்காரர் ஆதிநாராயணனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளி. எண்பத்திரண்டில் ஊருக்கு வந்தவர், அடுத்த கப்பலுக்கு நாளைக்கே கூப்பிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டே ஒன்றரை வருஷம் எங்கள் வீட்டு மீன்குழம்பைச் சாப்பிட்டார். வரும்போது ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தார். கப்பலை விட்டு இறங்கிப்போன வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் தன் அறையிலேயே விட்டுப்போனதாம். உள்ளே ஓர் இங்கிலீஷ் புத்தகம், விதவிதமான பகடைகள். இருபது முகம் உள்ள பகடை ஒன்று இருந்தது. அதற்கு நாங்கள் நெல்லிக்காய் என்று பெயர் வைத்தோம்.

குப்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவள் நான் ஒருத்திதான். தபாலா, மணியார்டர் பாரமா, மருந்துச் சீட்டா, எல்லாம் என்னிடம்தான் வரும். அதனால் புத்தகமும் என்னிடம் வந்தது. ஆளுக்கொரு வீரனாக இருந்து சண்டை போட வேண்டும், ஒருவர் மட்டும் கதையைச் சொல்லி, பூதங்களை நடத்தி, நியாயமும் சொல்ல வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. படித்தவள் என்பதால் அந்த நியாயஸ்தர் வேலை என் தலையில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கருவாடு காயப்போடுகிற சிமெண்ட் தளத்தில் ஒரு மூலையைப் பெருக்கி, சாக்பீஸால் கட்டம் போட்டு ஆடுவோம். தேசப்பன் மாமியார் ஊரான சுண்ணாம்புக்குளத்தோடு தங்கிவிட்டவன். ஆனாலும் ஏரியைத் தாண்டிப் படகில் வந்துவிடுவான். அவன் வீரன் ஓர் ஈயக்குண்டு. பெண்டாட்டி கோவிந்தம்மாவின் நகப்பூச்சைத் திருடி அதற்குச் சிவப்பு அடித்து ரணதீரன் என்று பெயரும் வைத்திருந்தான். என் வீட்டுக்காரருடைய வீரன் ஒரு பெரிய சிப்பி. ஜலால் பாய்க்குச் சட்டைப் பித்தான், அவர் வைத்தியர். பூதங்களுக்கு நான் கருவாட்டுத் தலைகளை வைப்பேன். ஒரு தபா காக்கா வந்து ராட்சசனையே தூக்கிக்கொண்டு போய்விட்டது. பக்கத்து வீட்டுக் கஸ்தூரியம்மாள், "கழுதை வயசாவுது, பாண்டி ஆடுதுங்க பாரு," என்று போகும்போதும் வரும்போதும் சொல்லுவாள். சொல்லிவிட்டு அங்கேயே நின்று பார்ப்பாள்.

இப்போது சட்டத்தைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் சண்டை உங்களுக்குப் புரியாது. பூதத்தை ஒட்டின கட்டத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். அங்கிருந்து நீங்களாக நடந்து விலகினால், முதுகைக் காட்டினதற்காகப் பூதம் உங்களுக்கு ஓர் அடி இலவசமாகப் போடலாம். ஆனால் வேறொருவர் உங்களைத் தள்ளிவிட்டால் அந்த அடி கிடையாது. தள்ளப்படுவது நடப்பது ஆகாது, உங்கள் காலில் நீங்கள் போகவில்லையே. எத்தனை கட்டம் என்பதைச் சின்னப் பகடை சொல்லும். தள்ளினவனுக்கு நேர் எதிர்ப்பக்கமாகத்தான் போக வேண்டும். போகிற வழியில் பள்ளமோ தண்ணியோ இருந்தால், விழுவதற்கு முன்னால் நெல்லிக்காயை ஒரு முறை உருட்டலாம். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் விளிம்பிலேயே குப்புற விழுந்து தப்பித்துக்கொள்ளலாம். குறைந்தால் போச்சு.

நன்றாக இருக்கிறதா சட்டம்? நன்றாகத்தான் இருக்கும். ஏனென்றால் அத்தனையும் நானே கட்டிவிட்டது. கப்பலில் உப்புத் தண்ணி பட்டு அந்தப் புத்தகத்தில் பாதிப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. தள்ளுவதும் இழுப்பதும் என்று ஒரு தலைப்பு மட்டும் தெரிந்தது. அதற்குக் கீழே பிரித்தால் கூழாக வந்தது. ஐயோ, இது படிக்க முடியவில்லையே என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். மூன்று ஆம்பிளைகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை நாளைக்கு ஒரு தடவை அப்படிப் பார்ப்பார்கள்? நான் புத்தகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்து, மனசில் தோன்றினதை மடமடவென்று சொல்லிவிட்டேன். அப்புறம் அதுவே சட்டமாகிவிட்டது.

ஆனி மாசம் ஒரு ஞாயிறு. இடிந்துபோன கல்பாலம் ஒன்றைப் போட்டிருந்தேன். பாலத்தின் மேல் ரணதீரன். அவனை ஒட்டி நண்டு ராட்சசன். ரணதீரனுக்கு உயிர் இரண்டே புள்ளி பாக்கி. என் வீட்டுக்காரருடைய சிப்பி, கையில் நீளமான கழியோடு, பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு படகில் நின்றது. ரணதீரன் நடந்து விலகினால் நண்டு அடிக்கும், அடித்தால் ஆள் காலி.

"மச்சான், நீ நடக்காத. நான் கழியால உன்ன தள்ளி உட்றேன். தள்னா அடி கெடையாதுல்ல?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஜோரான ஐடியா மாமா," என்றான் தேசப்பன்.

சின்னப் பகடையில் மூன்று விழுந்தது. ரணதீரனுக்குப் பின்னால் இரண்டு கட்டம்தான் கல். மூன்றாவது கட்டத்தில் பாலம் இடிந்துபோய், கீழே ஆழம்.

"ரெண்டோட நிறுத்திக்கோ மாமா!" என்று கத்தினான் தம்பி.

நான் கையைத் தூக்கினேன். "நிறுத்த முடியாது. மூணு விழுந்தா மூணுதான். போன மாசம் நீ மலைப்பாம்ப தள்ளும்போது அது மூணாவது கட்டத்துலதான் கெணத்துல உழுந்திச்சி. அப்ப குதிச்சியே!"

நியாயம் என் பக்கம். இன்றைக்கும் சொல்வேன். அவன் நெல்லிக்காயை உருட்டினான். நான்கு. இரும்புச் சட்டை போட்டவன் தண்ணியில் விழுந்தால் என்ன ஆவான்? ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வளர்த்த ரணதீரன் அங்கேயே முழுகினான். ஜலால் பாய் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"எங்க போட்ருக்கு? புத்தகத்துல காட்டு," என்றான் தேசப்பன்.

அந்தப் பக்கம்தான் கூழாயிற்றே. நான் புத்தகத்தை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். அதோடு வாயையும் மூடியிருக்கலாம்.

"காட்னா மட்டும்? நீ இங்கிலீஷ் படிச்சிக் கீய்ச்சிருவியா?"

அவன் எழுந்தான். ஈயக்குண்டை எடுத்து மடியில் கட்டிக்கொண்டான். படகை ஏறக்குறைய ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். சாந்தி "மாமா, மாமா" என்று கரை வரைக்கும் ஓடினாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் எட்டாவது படிக்கும்போது எங்கள் நைனா இடுப்பு ஒடிந்து படுத்தார். சித்தப்பா வலை இழுக்க ஒரு கை வேண்டும் என்றார். நான் படிப்பை நிறுத்திவிட்டுக் கருவாட்டுக் கூடை தூக்கட்டும், தம்பி படிக்கட்டும் என்றுதான் பேச்சு. ஐந்தாவதில் இருந்த தேசப்பன், எனக்குப் படிப்பு ஏறவே மாட்டேன் என்கிறது என்று சொல்லிவிட்டு மறுநாள் விடியற்காலையில் சித்தப்பாவோடு கடலுக்குப் போய்விட்டான். வகுப்பில் கணக்கில் அவன்தான் முதல். எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த வார்த்தையைச் சொன்னேன், என் நாக்கில் கொள்ளிவைக்க.

ஆடி முடிகிற சமயத்தில் கோவிந்தம்மா வந்தாள். கையில் சின்ன டப்பி, அதில் சாந்திக்குக் கம்மல்.

"அவரு குடுத்து அனுப்சாரு அண்ணி. காது குத்துக்கு நான் வரேன். அவரு வரலையாம்."

"மடி?"

"அத நான் எப்டி அண்ணி டப்பில போட்டு எடுத்தார முடியும்?" என்று சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன்.

வியாழக்கிழமை ஆயிற்று. விடிந்தால் காது குத்து. வீட்டுக்காரர் கடலிலிருந்து வந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். புத்தகத்தைக் கொண்டுபோய் அவர் எதிரில் போட்டேன்.

"தள்ற சட்டம் இதுல இல்ல. நானா சொன்னேன்."

அவர் கஞ்சியைக் கீழே வைத்தார். "எது, மூணு கட்டமா?"

"மூணு கட்டம், நெல்லிக்கா, இலவச அடி, எல்லாம்."

அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "அப்போ போன வருசம் என் சிப்பிய எரிமலைல தள்ன?"

"அதுவும்தான்."

"அடிப்பாவி!" என்றவர், கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். "கெளம்பு. அவன்கிட்ட இத சொல்லு. அந்த மூஞ்சிய நான் பாக்கணும்."

இரவல் படகு ஒன்றை எடுத்துக்கொண்டு ஏரியில் போனோம். சும்மா இருந்த ஜலால் பாயும் ஏறிக்கொண்டார். அவர் என்றைக்குச் சும்மா இல்லாமல் இருந்தார்? மழைக்கு முந்தின ஏரி, இடுப்பளவுதான் தண்ணி. கழியை ஊன்றி ஊன்றி வீட்டுக்காரர் படகைத் தள்ளினார். சுண்ணாம்புக்குளத்துக்குக் கிட்டே தேசப்பன் தன் படகில் தனியாக நின்று, இறால் வலையை மடித்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் முதுகைத் திருப்பிக்கொண்டான்.

"டேய் தேசப்பா," என்றேன்.

"வலை மடிக்கறேன்."

"மடி. காது இருக்குல்ல, கேளு." புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன். "இந்தப் பக்கம் ஒட்டிக்கினு போச்சி. முதல் நாளே போச்சி. தள்றது இழுக்கறது எல்லாம் நானா உட்ட கதை. நீ காட்டுனு கேட்டப்ப காட்டறதுக்கு ஒண்ணும் இல்ல. அதான் அப்டி பேசினேன்."

அவன் திரும்பினான். வாய் திறந்தபடி இருந்தது. "ஒரு வருசமாவா?"

"ஒரு வருசமா."

"யா அல்லா," என்றார் ஜலால் பாய். "நான் அந்தச் சட்டத்த மனப்பாடம் பண்ணி வெச்சிக்கீறேன் லோகா."

தேசப்பன் சிரித்துவிடுவான் என்று நினைத்தேன். முகம் ஒரு கணம் இளகி, பிறகு மறுபடியும் இறுகிவிட்டது. அவனுக்கு வலித்தது சட்டம் இல்லையே. அது எனக்கும் தெரியுமே. அதையும் சொன்னேன்.

"உன்ன அன்னிக்கு ஸ்கூல்லருந்து தள்ளி உட்டுட்டுத்தான் நான் படிச்சேன். அந்தப் படிப்ப வெச்சே உன்ன பேசிட்டேன். என்ன மன்னிச்சிருடா."

ஏரியில் காற்று கொஞ்சம் அடித்தது. அவன் வலையைக் கீழே போட்டான்.

"என்ன யாருக்கா தள்னா?" என்றான். "நானா நடந்து போனேன். நடந்தா அடி உழும்னு உன் சட்டத்துலயே கீதே. உழுந்துச்சி, வாங்கிக்கினேன். ஆனா நீ அடிப்பன்னு நெனைக்கலக்கா."

எனக்கு அங்கேயே தண்ணிக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஜலால் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரருக்கோ இந்த மாதிரி நேரத்தில் கையைக் காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது.

"பேசினது போதும்! நாளைக்கி காது குத்து. வரியா, இல்ல உன்ன படகோட தள்ளிக்கினு போவட்டா?" என்று கத்திக்கொண்டே, கழியைத் தூக்கித் தேசப்பனுடைய படகின் வயிற்றில் வைத்து ஓங்கி ஒரு தள்ளு தள்ளினார்.

அவன் படகு கரைப்பக்கம் போனது. எங்கள் படகு பின்பக்கமாக அதே வேகத்தில் போனது. நான் பொத்தென்று உட்கார்ந்தேன். ஜலால் பாய் என் மேல் விழாமல் இருக்க வேறுபக்கம் சாய்ந்து, தண்ணிக்குள்ளேயே விழுந்தார். இடுப்பளவுத் தண்ணியில் எழுந்து நின்று, தொப்பி எங்கே என்று தேடினார்.

தேசப்பன் சிரிக்கவில்லை. எங்கள் படகையும் தன் படகையும் மாறிமாறிப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பில் கரும்பலகையைப் பார்க்கிற பார்வை.

"மாமா," என்றான் மெதுவாக. "அன்னிக்கு உன் சிப்பி எங்க நின்னுச்சி?"

"படகுல."

"படகுல நின்னுகினு கழியால தள்னா?"

வீட்டுக்காரர் கழியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறந்ததிலிருந்து கழி ஊன்றுகிறவர்கள் நாங்கள். மிதக்கிறதில் நின்றுகொண்டு எதைத் தள்ளினாலும் தள்ளினவனும் பின்னால் போவான் என்பது எங்கள் சாந்திக்குக்கூடத் தெரியும். புத்தகம் என்றதும் நாலு பேருக்கும் அது மறந்துபோய்விட்டது. எவனோ தரையில் வாழ்கிறவன் எழுதினதென்று நினைத்துக்கொண்டு, தரையில் வாழ்கிறவளைப்போல நானும் சட்டம் சொல்லியிருக்கிறேன். வெட்கக்கேடு.

"மூணு கட்டத்துல ஒண்ணு சிப்பிக்குப் போவணும்," என்றான் தேசப்பன். குரல் ஏறிக்கொண்டே போனது. "படகு பின்னால ஒரு கட்டம். ரணதீரன் ரெண்டே கட்டம். ரெண்டாவது கட்டம் கல்லு! அக்கா, அவன் சாவல! ரெண்டு மாசமா அந்தப் பாலத்து மேல நின்னுகினு கீறான்!"

"ஏன், ஒண்ணரை ஒண்ணரையா பிரிச்சா?" என்று ஜலால் பாய் தண்ணியிலிருந்து கேட்டார்.

"ஒண்ணரைன்னாலும் கல்லுதான் பாய். நீ கம்முனு தொப்பிய தேடு."

நியாயஸ்தர் நான். எழுந்து நின்றேன், படகு ஆடியது. "சரி. ரணதீரன் உயிரோட கீறான். எழுதிக்கோங்க."

"நீ எழுது," என்றான் தம்பி. "அந்தக் கூழுப் பக்கத்துக்கு எதுர்ல. தமிழ்ல எழுது, நான் படிக்கிற மாதிரி. இனிமே நீ புத்தகத்த பாத்து சொல்றத நானும் பக்கத்துல ஒக்காந்து பார்ப்பேன்."

"பாருடா. வந்து பாரு. நாளைக்கி வருவியா?"

அவன் வலையை எடுத்து மறுபடியும் மடிக்க ஆரம்பித்தான். "கம்மல் வாங்கி அனுப்சது யாரு? மடி மட்டும் எங்க போய்டும்?" என்றான், என்னைப் பார்க்காமல். படகைத் திருப்பச் சொல்லிவிட்டு, அழுகிறது தெரியாமலிருக்க நான் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டேன். வீடு வரைக்கும் ஜலால் பாய் தும்மிக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலையில் தேசப்பன் புதுவேட்டி கட்டிக்கொண்டு வந்தான். எனக்குப் புடவை, பிள்ளைக்குப் பாவாடை, தட்டு நிறைய வாழைப்பழம். வேட்டி மடிப்பில் ஈயக்குண்டையும் முடிந்துவந்திருந்தான். மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாந்தியை மடியில் வாங்கிக்கொண்டான். நான் எதிரிலேயே உட்கார்ந்து அவள் கையில் சர்க்கரைக் கட்டியைக் கொடுத்தேன். கோவிந்தம்மா தலையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆசாரி வலது காதில் ஊசியை ஏற்றினார். அவ்வளவுதான், சாந்தி வீல் என்று அலறித் திமிறித் திரும்பி, இரண்டு காலையும் சேர்த்து மாமன் மார்பில் ஓர் உதை விட்டாள் பாருங்கள்! தேசப்பன் மணையோடு மல்லாக்கப் போய் வாழைப்பழத் தட்டில் விழுந்தான். உதைத்த வேகத்தில் அவளும் இந்தப் பக்கம் பறந்து, நேரே என் மடியில் வந்து விழுந்தாள்.

கஸ்தூரியம்மாள்தான் முதலில் சிரித்தாள். ஜலால் பாய் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "நியாயஸ்தரம்மா, இது எத்தினி கட்டம்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், கீழே கிடந்த தேசப்பன் கையைத் தூக்கினான். முதுகெல்லாம் வாழைப்பழம்.

"ஆளுக்கொரு கட்டம்," என்றான். "அக்காவ கேக்க வேணாம். நானே படிச்சிட்டேன்."

புத்தகத்தில் அவன் அதைப் படித்திருக்க முடியாது. நான் இன்னும் ஓர் எழுத்துகூட எழுதவில்லை. ஆனால் நான் மறுக்கவில்லை. இடது காது பாக்கி இருந்தது. அவன் எழுந்து, வேட்டியை உதறி, மறுபடியும் மணையில் உட்கார்ந்து மடியை விரித்தான்.

"வா கண்ணு," என்றான். "மாமா நவுர மாட்டேன்."